கோடுகள் விழும் திரை: குற்றம் கிராபிக்ஸ் சிப்பினுடையதுதானா?

மடிக்கணினித் திரையில் வண்ணக் கோடுகளும் சிறு சதுரங்களும் தோன்றத் தொடங்கியதும், பழுது பார்ப்பவர்கள் பலர் 'கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, மதர்போர்டை மாற்ற வேண்டும்' என்று சொல்லிவிடுகிறார்கள். சில வேளைகளில் அது உண்மைதான். ஆனால் தளர்ந்த டிஸ்பிளே கேபிளும், கெட்டுப்போன ரேமும், பொருந்தாத டிரைவர் மென்பொருளும் ஏறத்தாழ இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும். கணினியின் விலையில் பெரும்பகுதியை மதர்போர்டுக்குச் செலவிடுவதற்கு முன் குற்றவாளி யார் என்று உறுதிசெய்துகொள்வது அவசியம் என்பது என் கருத்து. என்னுடைய மடிக்கணினியில் இந்தப் பழுது வந்தபோது நான் செய்த சோதனைகளையும், அவற்றிலிருந்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக் கூடாது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சோதனைக்கும் முன்பாக, கணினி இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்துவிட வேண்டும். கிராபிக்ஸ் சிப் பழுதானாலும் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி நன்றாகத்தானே இருக்கும் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. பல மெல்லிய மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி மதர்போர்டோடு சேர்த்தே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. மேலும், விண்டோஸில் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால், அதன் திறவுகோல் வழக்கமாக மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருப்பதால், போர்டை மாற்றிய பிறகு 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் டிரைவைத் திறக்க முடியாது. அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நான் மிகவும் மதிக்கும் சோதனை, கருவி எதுவும் வேண்டாத ஸ்கிரீன்ஷாட்தான். கோடுகள் தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து பார்க்க வேண்டும். படத்திலும் கோடுகள் இருந்தால், அந்தக் காட்சி உருவாகும்போதே சிதைந்துவிட்டது என்று பொருள். அப்போது பேனலையும் கேபிளையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. படம் சுத்தமாக இருந்தால் சிதைவு அதற்குப் பிந்தைய கட்டத்தில் நேர்கிறது. அது பெரும்பாலும் கேபிளாகவோ பேனலாகவோ இருக்கும் என்றாலும், சிப்பின் வெளியீட்டுப் பகுதியே பழுதாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், இதை மட்டும் வைத்துச் சிப்பை விடுவித்துவிட முடியாது. திரையை மெல்ல முன்னும் பின்னும் சாய்க்கும்போது கோடுகள் மறைந்து மறைந்து தோன்றினால் கீல் வழியாகச் செல்லும் கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெளி மானிட்டரை இணைத்துப் பார்க்கும் சோதனை. எல்லோரும் சொல்லும் சோதனைதான், ஆனால் இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில், உள்திரை பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸோடுதான் இணைக்கப்பட்டிருக்கும். பிராசஸருக்கு வெளியே இருக்கும் தனிச் சிப், தான் வரைந்ததை அந்தக் கிராபிக்ஸின் வழியாகவே திரைக்கு அனுப்பும். அதே கணினியின் எச்டிஎம்ஐ துளையோ தனிச் சிப்போடு நேரடியாக இணைந்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட கணினியில் வெளி மானிட்டரில் மட்டும் கோடுகள் தெரிந்தாலும் சிப் பழுதாக இருக்கலாம். கணினியைத் தொடங்கியதும் முதலில் இயங்கும் பயாஸின் திரை சுத்தமாகத் தெரிவதும் தனிச் சிப் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. மாறாக, உள்திரையைத் தனிச் சிப்பே இயக்கும் கணினியில், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே பயாஸ் திரையில் சிதைவு தெரிந்தால், டிரைவர் காரணமல்ல என்று அந்த நொடியிலேயே முடிவு செய்துவிடலாம். ஆகவே, எந்தச் சிப் எந்தத் திரையை இயக்குகிறது என்று அறியாமல் இந்தச் சோதனையின் விடையைப் படிக்கக் கூடாது.

பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், கணினியின் பொது ரேமையே தன் நினைவகமாகவும் பயன்படுத்துவதால், அங்கே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓட்டிப் பார்ப்பதும் தவிர்க்கக் கூடாத வேலை.

என் கணினியில் ஸ்கிரீன்ஷாட்டிலேயே கோடுகள் இருந்தன. சேஃப் மோடில் அவை முற்றிலும் மறைந்தன. சேஃப் மோடில் விண்டோஸ் தன்னுடைய அடிப்படை டிரைவரைக் கொண்டே திரையைக் காட்டுவதால், டிரைவரே காரணம் என்று இங்கே எண்ணத் தோன்றும். ஆனால் முப்பரிமாண வேலை எதையும் சிப்பிடம் கொடுக்காதபோது பழுதான சிப்பும் அமைதியாகத்தான் இருக்கும். எனவே டிரைவரை முழுமையாக நீக்கிப் புதிதாக நிறுவியும், யுஎஸ்பியிலிருந்து லினக்ஸை இயக்கியும் பார்த்தேன். வேறொரு இயங்குதளம், வேறொரு டிரைவர், ஆனாலும் பளு ஏறியவுடன் அதே சிதைவு வந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணுள்ள பதிவுகள் நிறைந்திருந்தன. சிப்பிடமிருந்து இரண்டு நொடிகளுக்குள் பதில் வராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீண்டும் தொடங்க முயல்கிறது. அந்த மீட்பு பலித்ததற்கான குறிப்புதான் இது. மீட்பு பலிக்காதபோது 0x116 என்ற எண்ணோடு நீலத்திரை வரும். சில நாள்களில் டிவைஸ் மேனேஜரில் 'Code 43' என்ற பிழையும் சேர்ந்துகொண்டது. இத்தனையும் ஒரே திசையைக் காட்டியபோதுதான் சிப் பழுது என்பதை ஏற்றுக்கொண்டேன்.

இப்பழுது ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், இணையத்தில் உலவும் ஒரு தவறான வைத்தியத்திலிருந்து தப்பிக்கலாம். சிப்பின் சிலிக்கான் துண்டு, நுண்ணிய சால்டர் புள்ளிகளால் அதன் அடித்தட்டோடு இணைந்திருக்கிறது. அந்த அடித்தட்டு அதைவிடப் பெரிய சால்டர் உருண்டைகளால் மதர்போர்டோடு இணைந்திருக்கிறது. கணினி சூடேறுவதும் குளிர்வதுமாக இருக்கும்போது சிலிக்கானும் அடித்தட்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், காலப்போக்கில் இந்த இணைப்புகள் விரிசல் காணலாம். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் முந்தைய தலைமுறை மடிக்கணினிச் சிப்புகள் சிலவற்றில் சிலிக்கானை அடித்தட்டோடு இணைக்கும் பொருள்களின் பலவீனத்தால் பழுது ஏற்படுவதாக அறிவித்து, அதற்கென 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது.

ஓவனில் வைத்தும் ஹீட் கன்னால் சூடேற்றியும் சிப்பை உயிர்ப்பிக்கும் காணொளிகள் ஏராளம். வீட்டு ஓவனில் பலர் வைக்கும் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இன்று வழக்கத்தில் உள்ள ஈயமில்லாத சால்டர் உருகுவதே இல்லை; அது உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். அப்படியிருந்தும் சில கணினிகள் பிழைத்துக்கொள்வதற்குக் காரணம், சிப்புக்குள் விலகிய புள்ளிகள் சூட்டில் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்வதுதான் என்பதே இத்துறையில் உழைப்பவர்கள் பலரின் கணிப்பு. சில வாரங்களில் பழைய கோடுகள் திரும்பிவிடும். இடையில் பிளாஸ்டிக் கனெக்டர்களும் கெபாசிட்டர்களும் சேதமாகியிருக்கும். பழைய சிப்பையே எடுத்து உருண்டைகளை மட்டும் மாற்றி ஒட்டும் ரீபாலிங் வேலையும் உள்விரிசலைச் சரிசெய்யாது. பழுது பார்க்கக் கொடுப்பவர்கள், புதிய சிப் பொருத்தப்படுகிறதா, பழையதே மீண்டும் ஒட்டப்படுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் சிப்பை மாற்றவில்லை. மின்விசிறியில் அடைந்திருந்த தூசியைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக இட்டதில் வெப்பம் குறைந்து, கோடுகள் தோன்றுவது தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. பயாஸில் தனிச் சிப்பை அணைக்கும் வசதி என் கணினியில் இருந்ததால் அதை அணைத்துவிட்டு, பிராசஸரின் கிராபிக்ஸைக் கொண்டே இயக்கிவருகிறேன். அந்த வசதி இல்லாதவர்கள் டிவைஸ் மேனேஜரில் தனிச் சிப்பை முடக்கிப் பார்க்கலாம். எழுத்து வேலைக்கும் காணொளிக்கும் இது போதுமானது. எச்டிஎம்ஐ துளை தனிச் சிப்போடு இணைந்திருந்ததால் அது செயலிழந்துவிட்டது. வெளி மானிட்டருக்கு இப்போது யுஎஸ்பி டிஸ்பிளே அடாப்டர் ஒன்றைப் பயன்படுத்துகிறேன்.