வாரத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்றானபோது

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் அத்தைக்கு, முழங்கால் வலிக்காகச் சென்றபோது மருத்துவர் எழுதிக்கொடுத்தது, வாரம் ஒன்று வீதம் எட்டு வாரங்களுக்கு 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரை. "சத்து மாத்திரைதானே, என்ன செய்துவிடப் போகிறது" என்று அவர் அதைக் காலைக் காப்பிக்குப் பின் தினமும் விழுங்கிவந்தார்; அட்டை தீர்ந்தபோதெல்லாம் கடையில் சீட்டுக் கேட்காமலே கொடுத்தார்கள்.

இரண்டு மாதத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். மலச்சிக்கலும் குமட்டலும் சேர்ந்துகொண்டன. சர்க்கரை நோய் என்றே நினைத்தோம் (எங்கள் வீட்டில் யாருக்கு எது வந்தாலும் முதலில் தோன்றுவது அதுதான்). ஒரு காலை இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, எதற்காக ஏற்றினோம் என்று விளங்காமல் அவர் நின்றதைக் கண்ட பிறகே மருத்துவமனைக்கு அழைத்துச்சென்றோம். இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருந்தது.

வைட்டமின் சி நீரில் கரைவதால் மிகுதியில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். ஏ, டி போன்றவை கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கிவிடும். டி அளவு மீறினால், குடல் கால்சியத்தை அதிகமாக உறிஞ்சுவதோடு எலும்பிலிருந்தும் அது இரத்தத்துக்கு வெளியேறி, சிறுநீரகத்தில் கல்லாகப் படியவும் அதன் இயக்கத்தைக் குலைக்கவும் கூடும். எலும்புக்காக விழுங்கியது எலும்பையே அரிக்கும் என்பதுதான் எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. பெரியவர்களுக்கு, மருத்துவர் சொல்லாமல், நாளொன்றுக்கு 4,000 யூனிட் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு. அத்தை விழுங்கியது அதைப்போல் பதினைந்து மடங்கு. மாத்திரையை நிறுத்திச் சலைன் ஏற்றியும், கொழுப்பில் சேர்ந்தது மெதுவாகவே வெளியேறும் என்பதால், கால்சியம் இயல்புக்குத் திரும்ப ஏழு வாரமாயிற்று.