ஒற்றை வேக மடக்கு சைக்கிளுக்குப் புதிய கிராங்க் செட் தேர்ந்தெடுத்த கதை

என் மடக்கு சைக்கிளில் செயின்வீலும் (முன்பக்கப் பல்சக்கரம்) வலது கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை) தனித்தனி உறுப்புகள் அல்ல. எஃகுத் தகட்டில் வெட்டிய 52 பல் செயின்வீலை ரிவெட் அடித்துக் கிராங்கோடு சேர்த்தே தயாரித்திருக்கிறார்கள். ஆகவே பல் தேய்ந்தால் செயின்வீலை மட்டும் கழற்றி மாற்ற வழி கிடையாது. கிராங்க் செட்டையே மாற்றியாக வேண்டும். பற்கள் ஒரு பக்கமாக அரிவாள் மூக்கு போல வளைந்துவிட்டிருந்தன. செயின்வீலின் முன்விளிம்பில் செயினைப் பிடித்து இழுத்தால், பல்லின் பாதி உயரம் வெளியே தெரியும் அளவுக்கு அது எழும்பி வந்தது. தேய்ந்த பற்களின் மேல் புதுச் செயினைப் போட்டால் அந்தச் செயினும் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், கிராங்க் செட், செயின், ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

கிராங்க் செட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை பல் என்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒற்றை வேக மடக்கு சைக்கிளுக்கு அது கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்பது என் கருத்து. இந்த வகை வண்டியில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு: கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் டிரெய்லியர் என்ற உறுப்பு இல்லாததால் செயின் முன்னிருந்து பின்னுக்கு நேர்கோட்டில் ஓட வேண்டும், மடக்கும்போது கிராங்கும் பெடலும் தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்குள் அடங்க வேண்டும். கிராங்க் அச்சின் மேல் எவ்வளவு தூரம் வெளியே தள்ளி உட்காருகிறது என்பதே இந்த இரண்டையும் தீர்மானிக்கிறது. எனவே நான் பார்த்த முதல் பொருள் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) அச்சுதான், அதாவது இரண்டு கிராங்குகளும் பூட்டப்படும் அச்சு.

கிராங்குகளைக் கழற்ற இழுப்பான் கருவி தேவை. நடு போல்ட்டையும் அதன் வாஷரையும் முழுமையாக எடுத்துவிட்டு, கருவியின் வெளி மரையைக் கிராங்குக்குள் கடைசி வரை திருகிய பிறகே அதன் நடுத் தண்டைச் சுற்ற வேண்டும். பாதி மரையில் நிறுத்திச் சுற்றினால், மென்மையான அலுமினிய மரை உரிந்து போய்க் கிராங்க் அச்சிலேயே தங்கிவிடும். வெளியே தெரிந்த அச்சு நான்கு முகமுள்ள சரிவு வகையைச் சேர்ந்தது, அதாவது முனையை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவது. பழைய கிராங்க் எதுவரை ஏறியிருந்தது என்பதை அந்த நான்கு முகங்களிலும் இருந்த பளபளப்பான தடம் தெளிவாகக் காட்டியது. பழையதை எறிவதற்கு முன் அச்சின் மொத்த நீளம், பி.பி. குழாயின் அகலம் (என் சைக்கிளில் 68 மில்லிமீட்டர்), இந்தத் தடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்வது அவசியம். பி.பி. கப்பையும் (குழாயின் இரு முனைகளிலும் திருகப்படும் பேரிங் கிண்ணம்) கழற்ற நேர்ந்தால், பரவலாகப் பயன்படும் 68 மில்லிமீட்டர் ஆங்கிலேய மரையில் வலது பக்கக் கப் இடது மரை உடையது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வழக்கமான திசையில் முறுக்கினால் அது இன்னும் இறுகும்.

சரிவு அச்சு என்று சொன்னால் மட்டும் போதாது. ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரம்), ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தரம்) என்று இரண்டு தரங்கள் இருக்கின்றன. இரண்டிலும் சரிவுக் கோணம் ஒன்றுதான், ஆனால் ஜே.ஐ.எஸ். அச்சின் முனை சற்றுப் பருமனானது. ஐ.எஸ்.ஓ. கிராங்கை ஜே.ஐ.எஸ். அச்சில் ஏற்றினால் அது சுமார் 4.5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றுவிடும். மாற்றி ஏற்றினால் கிராங்க் மிக உள்ளே போய், இறுக்கம் பிடிப்பதற்கு முன்பே அச்சின் முனையில் முட்டிவிடக்கூடும். ஷிமானோவும் பெரும்பாலான ஆசிய உற்பத்தியாளர்களும் ஜே.ஐ.எஸ். தரத்தையே பின்பற்றுகிறார்கள், கம்பாக்னோலோவின் சரிவு அச்சுகள் ஐ.எஸ்.ஓ. வகையைச் சேர்ந்தவை. வெளியில் பேரிங் வைத்த 24 மில்லிமீட்டர் உள்ளீடற்ற அச்சு வகையையும் யோசித்துப் பார்த்தேன். எடை குறைவு, விறைப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதில் அச்சு கிராங்கோடு சேர்ந்தே வருவதால், நீளத்தை மாற்றி செயின்வீலை உள்ளே வெளியே நகர்த்தும் வசதி போய்விடுகிறது. சரிவு அச்சில் அந்தச் சுதந்திரம் இருக்கிறது: இருபுறமும் சமமாக நீளும் அச்சில் 5 மில்லிமீட்டர் நீளமானதைப் போட்டால், செயின்வீல் அதில் பாதி, அதாவது 2.5 மில்லிமீட்டர் வெளியே வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய முறையிலேயே நின்றேன்.

செயின்கோட்டை, அதாவது சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் தூரத்தை, அளப்பது கடினமான வேலை அல்ல. சீட் குழாயின் பக்கவாட்டிலிருந்து செயின்வீல் பல்லின் நடுவரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டினால் முன் அளவு கிடைக்கும். பின்னால், ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) இரு லாக்நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை எடுத்து, வலது லாக்நட்டின் வெளிமுகத்துக்கும் ஃப்ரீவீல் பல்லின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். என் சைக்கிளில் பின் அளவு 43 மில்லிமீட்டராக வந்தது; முன்னால் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். இரட்டைச் செயின்வீலுக்கென்று செய்த கிராங்கில் ஒற்றைச் செயின்வீலைப் பூட்டுவதாக இருந்தால், அதை உள்பக்கம் வைப்பதா வெளிப்பக்கம் வைப்பதா என்பதிலேயே சுமார் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அப்போது குட்டையான செயின்வீல் போல்ட்டுகளும் தேவைப்படும், ஏனென்றால் நீளமான போல்ட் இறுகியது போலத் தோன்றினாலும் செயின்வீலைப் பிடிக்காது. பெரிய செயின்வீலை உள்பக்கம் வைத்தால் அது பின் கவைக்குழாயை உரசுமா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

மடக்கும் விஷயம் இதைவிட நுட்பமானது. என் சைக்கிளின் முன்பாதி இடப்புறமாக மடிந்து பின்சக்கரத்தோடு ஒட்டி நிற்கும். இடது கிராங்க் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அச்சு நீண்டால் இடது கிராங்கும் வெளியே தள்ளும். மடித்த பிறகு இரு பாதிகளையும் பிடித்து வைக்கும் காந்தங்கள் அப்போது ஒன்றையொன்று எட்டாமல் போகலாம். கிராங்கின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. நேராகப் போகும் கிராங்கைவிட வெளிப்பக்கம் வளைந்து போகும் கிராங்க் பெடலைக் கூடுதலாகத் தள்ளி வைக்கும். மடித்த நிலையில் வலப்புறம் வெளியே தெரிவது செயின்வீல்தான் என்பதால், பற்களுக்கு வெளியே ஒரு காப்புத் தகடு இருப்பது நல்லது. வண்டியைத் தூக்கிச் செல்லும்போது கிரீஸ் உடையில் படாது. ஓட்டும்போதும் கால்சட்டை நுனி செயினில் சிக்காது. மடித்த நிலையில் பி.பி.க்குக் கீழே உள்ள சிறு தாங்கியில் நிற்கும் மாடல்களில், பெரிய செயின்வீலும் அதன் காப்புத் தகடும் சேர்ந்து தாங்கிக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. 52 பல் செயின்வீலின் விட்டமே சுமார் 21 சென்டிமீட்டர்.

மறுபடியும் ரிவெட் அடித்த செயின்வீல் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். ஐந்து போல்ட் உள்ள கிராங்கில் 130 மில்லிமீட்டர் போல்ட் வட்டம் (போல்ட்டுகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம்) இருந்தால் 38 பல்லிலிருந்து செயின்வீல்கள் கிடைக்கும். மடக்கு சைக்கிளுக்குத் தேவைப்படும் பெரிய அளவுகள் அனைத்தும் அதில் உண்டு. வட்டத்தின் அளவு எழுதப்படாத கிராங்கில், அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மையங்களுக்கு இடையே அளந்து பார்க்கலாம்: 76.4 மில்லிமீட்டர் வந்தால் 130, 64.7 வந்தால் 110. பல்லின் தடிமனும் முக்கியம். எட்டில் ஓர் அங்குல அகலச் செயின் 3/32 அங்குலச் செயின்வீலிலும் ஓடும். ஆனால் 3/32 செயின் தடித்த பல்லின் மேல் உட்காராது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பல் எண்ணிக்கை. மடக்கு சைக்கிள்களில் செயின்வீல் இத்தனை பெரிதாக இருப்பதற்குக் காரணம் சக்கரம் சிறியது என்பது மட்டுமல்ல. வழக்கமான மரை உள்ள ஒற்றை வேக ஃப்ரீவீலை 16 பல்லுக்குக் கீழே குறைப்பது கடினம், எனவே முன்பக்கத்தைத்தான் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.5 மீட்டர் நகரும். முன்னால் 52 பல், பின்னால் 16 பல் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு 4.9 மீட்டர், நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 50 பல்லானால் 4.7 மீட்டர், 48 ஆனால் 4.5 மீட்டர். மிதி சற்று இலேசாக வேண்டும் என்பது மட்டுமே ஒருவரின் தேவை என்றால், அவர் கிராங்க் செட்டை மாற்ற வேண்டியதே இல்லை. 52க்கு 17 என்பதும் 49க்கு 16 என்பதும் ஏறத்தாழ ஒரே விகிதம். ஃப்ரீவீலை மாற்றுவது எளிது, செலவும் குறைவு.

நான் 50 பல்லைத் தேர்ந்தெடுத்தேன். கிராங்கின் நீளத்தை 170இலிருந்து 165 மில்லிமீட்டராகக் குறைத்தேன். காலுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாவிட்டாலும், மடித்த நிலையில் பெடலுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. நடு போல்ட்டுகளை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினேன். இந்த இறுக்கத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது, ஏனென்றால் தளர்ந்த கிராங்கோடு சிறிது தூரம் ஓட்டினாலே அதன் சதுரத் துளை சிதைந்து, பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

செயின்வீலை மையப்படுத்துவதில்தான் அதிக நேரம் போனது. ஒற்றை வேக வண்டியில் செயினின் தொய்வை இழுத்துக்கொள்ள எதுவும் இல்லாததால், செயின்வீல் மையத்திலிருந்து சற்று விலகினாலும் செயின் ஓரிடத்தில் விறைத்து, மறுபக்கத்தில் தொங்கும். ஐந்து போல்ட்டுகளையும் செயின்வீல் நழுவும் அளவுக்கு மட்டும் தளர்த்திவிட்டு, கிராங்கை மெதுவாகச் சுற்றி, செயின் மிகவும் விறைக்கும் இடத்தில் நிறுத்தி, அங்கே செயினை மரக் கைப்பிடியால் இலேசாகத் தட்ட வேண்டும். தட்டத் தட்ட விறைப்பான இடம் இடம்மாறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எது விறைப்பு என்றே கண்டுபிடிக்க முடியாமல் போகும். அப்போது போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கிவிடலாம்.

முன்பக்கம் இரண்டு பல் குறைந்ததால், செயினின் கண்ணி எண்ணிக்கையை மாற்றாமலே பின்சக்கரத்தைச் சுமார் 6 மில்லிமீட்டர் பின்னால் இழுத்துப் பூட்ட வேண்டியிருந்தது. நான்கு பல் குறைத்திருந்தால் ஒரு ஜோடிக் கண்ணியை எடுத்துவிட்டுச் சக்கரத்தைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கலாம். சக்கரம் நகர்ந்தால் ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள பொருத்தமும் மாறும். பின் பிரேக் கட்டைகள் இரண்டும் ரிம்மின் விளிம்பைத் தாண்டி டயரைத் தொடும் நிலைக்கு வந்திருந்தன. அவற்றை இறக்கிப் பூட்டிய பிறகே வண்டியை வெளியே எடுத்தேன்.