சோழவரம் ஓடுதளம்: ஒரு போர்க்கால விமானத் தளத்தை ஆவணங்களில் தேடிய அனுபவம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டி வடக்கே போனால் வரும் சோழவரத்தை, குடிநீர் ஏரிக்காக அறிந்தவர்கள் உண்டு. கார், மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்காக அறிந்தவர்களும் உண்டு. பந்தயங்கள் நடந்த அந்தத் தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை பயன்படுத்திய விமான ஓடுதளம் என்பதும் பலருக்குச் செவிவழியாகத் தெரிந்ததுதான். ஆனால் அங்கே எந்தப் படைப்பிரிவு இருந்தது, நிலம் எந்தச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டது, இன்று எஞ்சியிருப்பதில் எது போர்க்காலத்தது, எது பந்தயக் காலத்தது என்று கேட்டால், விடை சொல்லும் குறிப்பு எதுவும் தமிழில் என் கைக்குக் கிடைக்கவில்லை. அந்த விடைகளைத் தேடிப் பல அலுவலகங்களுக்கு எழுதியும் நேரில் போயும் பெற்ற அனுபவம், தங்கள் ஊர்ப் பக்கத்தில் இப்படியொரு தளம் இருக்கிறது என்று கேள்விப்பட்டவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன். உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு ஆகிய இடங்களிலும் போர்க்கால ஓடுதளங்கள் உள்ளன; தேடும் வழி எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

காலப் பின்னணி தெரியாமல் எந்தக் கோப்பையும் கேட்க முடியாது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை நகரம் பாதி காலியானது. மாகாண அரசின் அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு இடம் பெயர்ந்தன. கிழக்குக் கடற்கரையைக் காக்கப் போதுமான விமானத் தளங்கள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தென்னிந்தியாவின் போர்க்கால ஓடுதளங்களில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில் பிறந்தவை என்பதால், 1942 முதல் 1946 வரையிலான கோப்புகளையே முதலில் கேட்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை.

முதலில் கிடைத்தவை வான்படைப் பதிவுகள். தொலைவில் இருப்பவைதான் எளிதில் கிடைத்தன என்பது இந்த நாட்டின் ஆவண நிலைமைக்கு ஒரு சான்று. லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம், ஒவ்வொரு படைப்பிரிவும் எழுதிய செயற்பாட்டுப் பதிவேடுகளை 'ஏர் 27' என்ற வரிசையிலும், தளங்கள் எழுதியவற்றை 'ஏர் 28' என்ற வரிசையிலும் வைத்திருக்கிறது. படைப்பிரிவுப் பதிவேடுகள் மின்னுருவாக்கப்பட்டுள்ளதால் வீட்டிலிருந்தே தரவிறக்கலாம். தேடும்போது சோழவரத்தின் பெயரை ஆங்கிலத்தில் 'சி' எழுத்தில் தொடங்கியும் 'எஸ்' எழுத்தில் தொடங்கியும் இட்டுப் பார்க்க வேண்டும்; போர்க்கால ஆவணங்களில் முதல் வடிவமும் பந்தயக் காலத்தில் இரண்டாம் வடிவமும் மிகுதி. 27, 47 ஆகிய எண்களைக் கொண்ட இரு படைப்பிரிவுகள் 1944இல் பியூஃபைட்டர் விமானங்களுடன் சோழவரத்தில் இருந்தன. பியூஃபைட்டர் இரட்டை எஞ்சின் கொண்டது, இருவர் பறப்பது, கப்பல்களைத் தாக்க, நீருக்கடியில் பாய்ந்து செல்லும் டார்ப்பிடோ குண்டையும் சுமக்கக் கூடியது. ஏரிக்கரைக் கிராமத்தில் அத்தகைய விமானங்கள் ஏன் நின்றன என்பதை விளங்கிக்கொள்ள, வங்கக் கடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று வரைபடத்தில் ஒரு முறை பார்த்தால் போதும்.

இந்தப் பதிவேடுகளைப் படிக்க ஒரு பழக்கம் தேவை. படிவம் 540 என்பது நாள்வாரியான சுருக்கம். படிவம் 541 என்பது ஒவ்வொரு பறப்பின் விவரம், யார் பறந்தார், எப்போது கிளம்பினார், எப்போது திரும்பினார் என்பது. இரண்டையும் எழுதியவரின் அக்கறை விமானத்தின் மேல்தான். தரையைப் பற்றி அவர் பேசுவது மழையில் சேறானபோதோ கூடாரம் ஒழுகியபோதோ மட்டுமே. நிலம் யாருடையது, கல்லும் ஜல்லியும் எங்கிருந்து வந்தன, கூலி எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அங்கே விடை இல்லை. அவை வருவாய்த் துறையின் தாள்களில் இருக்க வேண்டியவை.

போர்க்காலத்தில் நிலம் எடுக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி நிலத்தை நிரந்தரமாக அரசுடைமை ஆக்குவது. மற்றொன்று, 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75ஏ விதியின்படி, உரிமையாளரின் உரிமையை அழிக்காமல், நிலத்தை அரசின் அனுபோகத்துக்கு எடுத்துக்கொண்டு ஈட்டுத்தொகை கொடுப்பது. போர் முடிந்து அந்த விதிகள் காலாவதியாகும் நிலை வந்தபோது, இரண்டாம் வழியில் எடுத்த நிலங்களைத் தொடர்ந்து வைத்திருக்க 1947இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். ஓர் ஓடுதளம் இன்று வயலாகிவிட்டதா, முள்வேலிக்குள் இருக்கிறதா என்பதற்கான காரணத்தைப் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் தேட வேண்டும். அனுபோகத்துக்கு எடுத்த நிலம் உரியவரிடம் திரும்பினால், உழவர் கான்கிரீட்டைப் பெயர்த்துவிட்டு நாற்று நடுவார். எஞ்சுவது எதுவும் இராது. நிரந்தரமாக எடுத்த நிலம் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கைமாறுமே தவிர ஊருக்குத் திரும்பாது; சின்னங்கள் பிழைப்பது அங்கேதான். பாதுகாப்பு என்ற பெயரில் மக்களை விலக்கி வைத்த வேலியே சின்னங்களையும் காத்தது என்பது எனக்குச் சற்றுக் கசப்பான செய்தி.

எனவே எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். ஆய்வுக்கான விண்ணப்பம், அடையாளச் சான்று, நிறுவனம் சார்ந்தவர் எனில் அறிமுகக் கடிதம் ஆகியவற்றோடு போவது நல்லது. கோப்புகளை நேரடியாகக் கேட்க முடியாது. துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் உள்ள அகரவரிசைத் தொகுதிகளைப் புரட்டி, அரசாணை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அதற்கான சீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது மாவட்டப் பெயர். சோழவரம் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது; அந்த மாவட்டமோ 1997இல்தான் பிறந்தது. போர்க்காலத் தாள்கள் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம், பொன்னேரி வட்டம் என்ற தலைப்பின்கீழ்தான் கிடக்கும். 'விமானத் தளம்' என்ற தலைப்பில் மட்டும் தேடுபவருக்கும் ஏமாற்றமே மிஞ்சும். நில எடுப்பு, ஈட்டுத்தொகை, தீர்வை வஜா (நிலவரித் தள்ளுபடி), சாலை அடைப்பு, பாசன வாய்க்கால் மாற்றம் என்ற தலைப்புகளின்கீழ்தான் ஓடுதளம் ஒளிந்திருக்கும். ஓடுபாதை குறுக்கே வந்ததால் மடை மாற வேண்டியிருந்தது என்றோ, வண்டிப்பாதை சுற்றிப் போக வேண்டியிருந்தது என்றோ ஊரார் கொடுக்கும் மனுக்கள், படைத்துறைத் தாள்களைவிடத் தளத்தின் எல்லையைத் துல்லியமாகச் சொல்லக் கூடியவை. அத்தகைய மனுக்களைத் தேடுவதில்தான் என் நேரத்தில் பெரும் பகுதி செலவானது. அதற்காக நான் வருந்தவில்லை.

காப்பகத்துக்கு வந்து சேராத தாள்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். மாநில அரசு அலுவலகம் என்றால் வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலில் அனுப்பலாம். மத்திய அரசின் துறைகளுக்கு இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். 'ஏன்', 'எப்போது திருப்பித் தருவீர்கள்' என்ற கேள்விகளைத் தவிர்த்து, 'இன்ன கிராமத்தின் இன்ன புல எண்களுக்கான அ-பதிவேட்டின் (ஒவ்வொரு நிலத்தின் பரப்பும் வகையும் குறித்த கிராமப் பதிவேட்டின்) நகல்', 'கிராம வரைபடத்தின் நகல்' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதே உசிதம். பெயர் சொல்லிக் கேட்ட தாளை இல்லை என்று சொல்வதற்கு அலுவலர் ஒரு முறையாவது அலமாரியைத் திறக்க வேண்டியிருக்கும். ஓர் அலுவலகம் என் மனுவை, சட்டத்தின் 6(3) பிரிவைச் சுட்டி, இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அந்த அலுவலகம் அதே பிரிவைச் சுட்டி முதல் அலுவலகத்துக்கே திருப்பியது. இரண்டு கடிதங்களின் நகலையும் இணைத்து முதல் மேல்முறையீடு செய்த பிறகே, பதிவேடுகளை நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற பதில் வந்தது. இந்த நேரடிப் பார்வை உரிமையை முதல் மனுவிலேயே கேட்டுவிடுவது நல்லது. நகலுக்குக் காத்திருப்பதைவிட நம் கண்ணால் பக்கங்களைப் புரட்டுவது பயனுள்ளது.

பாதுகாப்பு சார்ந்த மறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய தகவலை மறுக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். 8(3) பிரிவு அப்படிச் சொன்னாலும், நாட்டின் பாதுகாப்பு பற்றிய 8(1)(அ) விலக்கு அதற்குப் பிறகும் நீடிக்கிறது. ஆகவே ஓடுதளத்தின் இன்றைய பயன்பாட்டைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்காமல், 1942 முதல் 1950 வரை என்று ஆண்டு எல்லையை மனுவிலேயே வரைந்துகொண்டேன்.

கிராம வரைபடமும், ஒவ்வொரு புல எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படமும் கைக்கு வந்தபோது, செயற்கைக்கோள் படத்தோடு அவற்றை ஒப்பிட முடிந்தது. புலப்படங்களையும் அ-பதிவேட்டையும் மாநில அரசின் இணையச் சேவையிலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். எனினும் இன்றைய புல எண் பழைய எண்ணோடு பொருந்துமா என்பதை அலுவலகப் பதிவேட்டில்தான் சரிபார்க்க வேண்டும். ஏரிப் பாசன நிலத்தில் வரப்புகள் நெடுந்தூரம் நேராக ஓடுவதில்லை. மேடு பள்ளத்தையும் வாய்க்காலையும் அனுசரித்து வளைந்துதான் போகும். அவ்வாறு வளைந்து வரும் வரப்புகள் பல ஒரே நேர்கோட்டில் வெட்டுண்டு நின்றால், அந்தக் கோட்டைத் தளத்தின் எல்லை என்று சந்தேகிக்கலாம். அன்றைய பிரித்தானிய வான்படையின் கனரக விமானத் தளங்களில் முதன்மை ஓடுபாதையின் தர அளவு 2000 கெஜ நீளம், 50 கெஜ அகலம். அதாவது ஏறத்தாழ 1830 மீட்டருக்கு 46 மீட்டர். எல்லாத் தளங்களும் அந்த அளவில் அமையவில்லை என்றாலும், திரையில் அளந்து பார்க்க அது நல்ல அளவுகோல்.

சோழவரத்தின் தனிச் சிக்கல் இனிமேல்தான். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 'டி' எழுத்து வடிவிலான இந்தத் தளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பந்தயத் தடம் திறக்கப்பட்ட பிறகே அது சோழவரத்தைக் கைவிட்டது. பந்தயத்துக்காகச் செப்பனிட்டிராவிட்டால் ஓடுபாதை இந்த அளவுக்குக்கூடப் பிழைத்திராது. செப்பனிட்டதாலேயே போர்க்காலப் பரப்பைத் தனியே பிரித்தறிவதும் கடினமாகிறது. நான் கைக்கொண்ட விதி எளியது: மேற்பூச்சை நம்புவதில்லை, திசையையும் அகலத்தையும் மட்டுமே நம்புவது. நேராக ஓடும் அகலப் பரப்பு விமானத்துக்காக இட்டது. விமானத்தைத் தரையில் நகர்த்தும் இணைப்புப் பாதையும் வளையும், ஆனால் மிக விரிந்த வளைவாக இருக்கும். காரின் வேகத்தைக் குறைக்கவென்றே இட்ட இறுக்கமான திருப்பம் பிற்காலத்தது. இளமையில் ஆண்டுதோறும் பந்தயம் பார்க்கப் போன பெரியவர் ஒருவரிடம் என் வரைபடத்தைக் காட்டியபோது, எந்தத் திருப்பத்தில் கூட்டம் சேரும் என்று விரல் வைத்துக் காட்டினார். நான் பிற்காலத்தது என்று குறித்திருந்த திருப்பங்களில் ஒன்றைத் தவிர மற்றவை அவர் நினைவோடு பொருந்தின. பொருந்தாத அந்த ஒன்றை இன்னும் கேள்விக்குறியோடுதான் வைத்திருக்கிறேன்.

நேரில் போகிறவர்கள் பொதுச் சாலையைவிட்டு இறங்கக் கூடாது. பழைய தளங்கள் பல இன்றும் பாதுகாப்புத் துறையிடமோ வேறு அரசுத் துறைகளிடமோ இருப்பதால், எழுத்து வழி அனுமதியின்றி நுழைவதும் படமெடுப்பதும் 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டத்தின்கீழ் தொல்லையில் கொண்டுபோய் விடலாம். ட்ரோனைப் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். பார்ப்பதற்கு ஏற்ற காலம் கோடை. மண்ணுக்கடியில் கான்கிரீட் இருக்கும் இடத்தில் புல் முதலில் கருகும். மழைக்காலத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிடும். செயற்கைக்கோள் படங்களையும் ஏப்ரல், மே மாதத்தவையாகத் தேர்ந்தெடுப்பது இதே காரணத்தால்தான்.

ஈட்டுத்தொகைப் பட்டியல் இன்னும் கிடைக்கவில்லை. எந்தெந்த உழவரிடமிருந்து எவ்வளவு நிலம், என்ன விலைக்கு எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் தாள் அதுதான். அது அழிக்கப்பட்டுவிட்டது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள்; அப்படியானால் அழிப்புப் பதிவேட்டின் நகலைத் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டேன். முதல் மேல்முறையீட்டின் ஆணை வந்து தொண்ணூறு நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதால், அதையும் காலத்தில் பதிவு செய்துவிட்டேன். விசாரணைக்கான அறிவிப்பு இன்னும் வரவில்லை.