கஞ்சிராவோடு ஆரியங்காவு கணவாய்

தென்காசியில் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினால் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர். செங்கோட்டையிலிருந்து புனலூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தச் சின்னத் தூரத்துக்குள் காற்றே மாறிவிடும். கோடையில் கிழக்கே உதடு வெடிக்கிற வறட்சி, கணவாய் தாண்டினால் துவைத்த சட்டை இரண்டு நாளானாலும் காயாத ஈரம். தோல் வாத்தியம் கொண்டு போகிறவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது மலையேற்றத்தை அல்ல, இந்த ஈரத்தை.

சைக்கிளுக்கு ஏற்றது கஞ்சிராதான், ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் சின்ன வட்டத் தோல் வாத்தியம். மிருதங்கத்தை நினைக்கவே வேண்டாம். கடம் ஒரு குழியில் முடிந்துவிடும். புல்லாங்குழலை பிவிசி குழாய்க்குள் போட்டு மேல் பாரோடு கட்டலாம், ஆனால் மூங்கில் வறட்சியில் கீறல் விடும். ஏழெட்டு அங்குல விட்டமுள்ள கஞ்சிரா, பெட்டியோடு சேர்த்தாலும் கூடாரத்தைவிட எடை குறைவு.

எந்தத் தோல் என்பது முக்கியம். பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோல். 1972ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. காட்டுச் சோதனைச்சாவடிகளைக் கடந்து போகும் பாதையில் அதை எடுத்துச் செல்லவே கூடாது. ஆட்டுத்தோலோ செயற்கைத் தோலோ போதும். ஆட்டுத்தோல் சற்றுத் தடிமன், ஸ்ருதி இறக்கத் தடவும் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். நாதம் கொஞ்சம் மாறினாலும், தோலை அழுத்தி வளைத்து எழுப்பும் அடிநாதமான கும்கி அதிலேயே நன்றாக வரும், பழகிக்கொள்ளலாம்.

பின் கேரியர் மேல் எலாஸ்டிக் கயிறு போட்டு இறுக்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. கொக்கி நழுவித் தோலில் இறங்கினால் அங்கேயே கிழியும். தவிர, பின் சக்கரம்தான் அதிக அதிர்ச்சி வாங்குகிறது. ஹேண்டில்பார் பைதான் சரியான இடம். மூடியுள்ள வட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள், கஞ்சிராவைவிட ஓரங்குலம் பெரியதாக. அடியில் மடித்த பருத்தித் துண்டு, அதன்மேல் தோல் பக்கம் கீழாகக் கஞ்சிரா, மேலே இன்னொரு துண்டு. கட்டை என்னும் மர வளையத்தின் பிளவில் ஆடும் காசுகளுக்கு இடையே துணிக் கீற்றைச் செருகிவிடுங்கள். இல்லையென்றால் புனலூர் போய்ச் சேர்வதற்குள் காசு மரத்தை அரித்து ஓட்டை பெரிதாகிவிடும். அடுப்பும் சாவிக்கொத்தும் அந்தப் பைக்குள் வரவே கூடாது.

வாயைச் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத பை நல்லதுதான், ஆனால் அதிலும் ஓர் ஆபத்து உண்டு. வாசித்து முடித்த ஈரத் தோலை உடனே உள்ளே போட்டு மூடினால் ஈரம் வெளியேற வழியில்லை. இரண்டே நாளில் உள்பக்கம் சாம்பல் நிறப் புள்ளிகள், பூஞ்சை. அரை மணி நேரம் நிழலில் காயவிட்டு மூடுங்கள். டப்பாவுக்குள் நான்கைந்து சிலிகா ஜெல் பொட்டலங்கள் போட்டால் தென்மலை ஈரத்தையும் ஒருவாறு சமாளிக்கலாம்.

கணவாய்க்குக் கிழக்கே ஸ்ருதி இறக்கச் செய்வது, தோலின் உட்புறத்தில் விரல்நுனியால் ஐந்தாறு துளி தண்ணீர் தடவி, இரண்டு நிமிடம் பொறுத்துத் தட்டிப் பார்ப்பது. சத்தம் இன்னும் கணகணவென்று இருந்தால் மேலும் இரண்டு துளி. ஒரே தடவையில் அள்ளித் தெளித்தால் அரை மணி நேரத்துக்குத் தொப்தொப்பென்றுதான் கேட்கும். ஆரியங்காவு தாண்டியபின் தண்ணீரே தேவைப்படாது. அங்கே தோல் தானாகவே தளர்ந்து கிடக்கும். உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துச் சூடேற்றுங்கள், அல்லது காலை வெயிலில் சில நிமிடம் காட்டுங்கள். ஸ்டவ் நெருப்பில் காட்டாதீர்கள். தோல் சட்டென்று சுருங்கி, ஓரத்தில் பசை விட்டு எழும்பும்.

எழும்பிவிட்டால் வழி உண்டு. தூக்கிய ஓரத்தில் பெவிக்காலை மெலிதாகத் தடவுங்கள். பழைய ட்யூபை இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் நீளவாட்டில் நறுக்கி, கட்டையைச் சுற்றி இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். ரப்பர் தோலைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கும். இரவு முழுக்க அப்படியே விட்டால் காலையில் வாசிக்கலாம். நடுத்தோல் கிழிந்தால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது.

கூடாரத்துக்குப் புளியரைப் பக்கத் தென்னந்தோப்பு போதும், தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு. ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவில் யானைக்காடு. அங்கே கூடாரம் அடிப்பதோ இரவில் வாசிப்பதோ வேண்டாம், தென்மலையில் அறை எடுங்கள். கணவாயை விடிந்ததும் ஏறிவிடுங்கள், வளைவுகளில் லாரிகள் சைக்கிளுக்கு இடம் விடுவதில்லை. குற்றால சீசனில் என்றால் கணவாய்க் காற்று நேரே முகத்தில் அடிக்கும். பெட்டி முன்னால் இருப்பதால் சாரல் முழுக்க அதன்மேல்தான். மழை உறையை முதலிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

கோடையில் திரும்பும்போது இன்னொரு கவனம் வேண்டும். மேற்கே ஈரம் குடித்து வந்த தோலைப் புளியரை வெயிலில் இறங்கியதும் வெளியே எடுத்தால், வேகமாகக் காய்ந்து இறுகும், ஒட்டிய ஓரம் மறுபடி விடும். அன்றிரவு டப்பா மூடியபடியே இருக்கட்டும். மறுநாள் காலையில் நிழலில் மூடியைச் சற்றே திறந்து வைத்து, மதியத்துக்குமேல் வெளியே எடுங்கள்.