மஞ்சள் எனக்கு, வெள்ளை ஜிம்முக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் முட்டை மிச்சம் கிடந்ததே இல்லை. இப்போது கிடக்கிறது, அதுவும் பாதி பாதியாக. வாட்டர் கலரில் வாவியைக் கீறிக்கொண்டிருந்த நான் முட்டை டெம்பராவில் இறங்கியதன் பலன். எண்ணெய் வர்ணம் பரவுவதற்கு முன் இத்தாலியில் பலகையில் படம் கீறியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் நம்பியிருந்தார்கள். மஞ்சட்கரு, தண்ணீர், நிறத்தூள். சாமான் அவ்வளவுதான்.

நிறத்தூளுக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. சீமெந்துத் தரைக்குப் போடும் சிவப்பும் மஞ்சளும் பழைய ஓவியர்கள் மண்ணிலிருந்து எடுத்த காவிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. ஹாட்வெயார் கடைக்காரர், "எத்தனை சதுர அடித் தரை, தம்பி?" என்று கேட்டார். "ஒன்றரை" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பலகைக்கு வெள்ளை அடிப்பூச்சு வேண்டும். வெண்கட்டித் தூளை விலங்குத் தோலில் காய்ச்சிய பசையில் கலந்து, பூசிக் காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். பசை எதிலிருந்து வருகிறது என்பதை அம்மம்மாவிடம் சொல்லவில்லை.

முட்டை வேலைதான் பார்க்க அழகு. வெள்ளையை வடித்துவிட்டு மஞ்சட்கருவை உள்ளங்கையில் வைத்து, ஈரம் போகும் வரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு உருட்ட வேண்டும். பிறகு அதன் தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துத் தூக்கி, அடியில் ஊசியால் குத்தினால் மஞ்சள் சிரட்டைக்குள் வடியும். வெறுந்தோல் விரலில் தொங்கும். அந்த நேரம் பார்த்து யாராவது கதவைத் தட்டுவார்கள்.

தூளையும் தண்ணீரையும் சேர்த்துத் தூரிகையை வைத்தால் அடுத்த கணமே காய்ந்துவிடுகிறது. நிறத்தோடு நிறத்தை இழைக்க நேரமே தராது. மெல்லிய கோடுகளாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும், ஒரு கன்னத்துக்கே ஒரு பின்னேரம் போகும். ஆனால் காய்ந்தது காய்ந்ததுதான். முட்டை ஒட்டிய கோப்பையை அடுத்த நாள் கழுவிப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அம்மாவுக்கு அறவே தேவையில்லை.

முதலில் பிள்ளையார் கீறலாம் என்று தொடங்கினேன். அம்மம்மா சிரட்டையை எட்டிப் பார்த்தா.

"என்ன மனே, முட்டையிலயா சாமி கீறுறாய்?"

இத்தாலியில் மாதாவையும் புனிதர்களையும் இப்படித்தான் கீறினார்கள் என்றேன்.

"அவங்கட சாமி அவங்கட பாடு. மறுகா இதைச் சாமியறைக்குள்ள கொண்டு வந்திராத."

மாமாங்கம் கோயிலில் கொடியேறியதும் முட்டைக்கே தடை வந்தது. ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியும் வரை தூரிகைக்கும் விரதம்.

அப்புறம் வெள்ளைக்கருப் பிரச்சினை. வீட்டில் எல்லோரும் வெளிறிய ஆம்லெட் தின்று வெறுத்துப்போன நேரத்தில், பக்கத்து வீட்டுத் தம்பி தெய்வமாக வந்தான். ஜிம்முக்குப் போகிறவன், வெள்ளையை மட்டும் தின்று மஞ்சளைக் குப்பையில் கொட்டுகிறவன். நான் இவ்வளவு காலம் காசு கொடுத்து வாங்கிய நிறம்! உடனே ஒப்பந்தம் போட்டோம். முட்டை அவன் வாங்குவான், உடைத்துப் பிரிப்பது நான்.

ஒரே சிக்கல், அவன் வாங்குவது ஃபாம் முட்டை. 1400-ஐ ஒட்டிய காலத்தில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்: இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய மஞ்சட்கரு, வயதான, கறுத்த முகங்களுக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு. கருவின் மஞ்சள் எப்படியும் காலப்போக்கில் வெளுத்துவிடும் என்பது வேறு கதை. ஆனாலும் அம்மம்மாவைக் கீற ஊர்க்கோழி முட்டைதான் வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம். தம்பியோ, "அதில வெள்ளை காணாது அண்ணே" என்று மறுத்துவிட்டான்.

விசயத்தை அம்மம்மாவிடமே சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டா.

"அப்ப வயசானவளுக்குத்தான் ஊர்க்கோழியா?"

"ஓம்."

"என்னை ஃபாம் முட்டையிலயே கீறு, மனே."