வோல்ட்டைச் சரிபார்த்த பிறகே பெட்ரோலைத் தொடுங்கள்

புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரை ‘காலிபரேட்’ செய்வது (அளவைச் சரிசெய்வது) என்று பட்டறையில் இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். ஒன்று, சென்சாருக்கும், அதன் சிக்னலை வோல்ட்டாக மாற்றும் கன்ட்ரோலருக்கும் இடையில் நடப்பது. மற்றது, கன்ட்ரோலர் அனுப்பும் வோல்ட்டை இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சரியாகப் படிக்கிறதா என்பது. தப்பு நடப்பது பெரும்பாலும் இரண்டாவதில்; கழற்றி மாற்றப்படுவதோ சென்சார்.

முதல் வேலை எளிது. ஃப்ரீ ஏர் காலிபரேஷன் கேட்கும் கன்ட்ரோலர் என்றால், சென்சாரைக் கழற்றிப் புகையோ பெட்ரோல் வாடையோ இல்லாத இடத்தில் தொங்கவிட்டு, அதன் உள்ளே இருக்கும் ஹீட்டர் முழுதாகச் சூடேறியதும் செய்ய வேண்டும். காற்றிலுள்ள 20.9 சதவீத ஆக்சிஜன்தான் அளவுகோல். சில கன்ட்ரோலர்களுக்கு இது தேவையில்லை. பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரின் பிளக்குக்குள் இருக்கும் ரெசிஸ்டரைப் படித்தே அவை கணக்கிட்டுக்கொள்ளும். வயர் எட்டவில்லை என்று அந்தப் பிளக்கை வெட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது வேலையில் நிதானம் வேண்டும். இசியுவை லேப்டாப்பில் அமைக்கும் டியூனர்ஸ்டூடியோ மென்பொருளில் ‘காலிபரேட் ஏஎஃப்ஆர் டேபிள்’ (ஏஎஃப்ஆர் என்பது காற்று-பெட்ரோல் விகிதம்) திறந்து, கஸ்டம் லீனியர் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலர் கையேட்டிலுள்ள இரண்டு புள்ளிகளைக் கொடுத்து இசியுவில் எழுத வேண்டும். இன்னோவேட் எல்சி-2 கன்ட்ரோலருக்கு 0 வோல்ட் என்றால் ஏஎஃப்ஆர் 7.35, 5 வோல்ட் என்றால் 22.39. ஏஇஎம் எக்ஸ் சீரிஸுக்கு 0.5 வோல்ட்டில் 8.5, 4.5 வோல்ட்டில் 18. மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? எல்சி-2 காட்டும் 14.7 என்பது 2.44 வோல்ட். ஏஇஎம் டேபிளில் அது 13.1 ஆகிவிடும். திரையில் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று தெரிகிறதே என பெட்ரோலைக் குறைத்தால், லோடில் பிஸ்டன் உருகும் அளவுக்கு லீன் (பெட்ரோல் குறைவு) ஆகலாம். எல்சி-2-இல் வயரையும் பாருங்கள்: மஞ்சள் வயர்தான் வைட்பேண்ட், பழுப்பு வயரில் ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும் பழைய நேரோபேண்ட் சென்சார் போன்ற சிக்னல் வரும்.

டேபிள் சரியாக இருந்தும் கன்ட்ரோலரின் கேஜில் 14.7, லேப்டாப்பில் 15.0 என்றால் எர்த்தைப் பாருங்கள். எல்சி-2 அளவில் ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 3 ஏஎஃப்ஆர், 0.1 வோல்ட் வித்தியாசமே 0.3 ஆகிவிடுகிறது. ஹீட்டர் நிறைய கரண்ட் இழுக்கும். அதன் எர்த் பாடியில் துருப்பிடித்த போல்ட்டிலும், இசியு எர்த் இன்ஜினிலும் இருந்தால் இந்த வித்தியாசம் வரத்தான் செய்யும். இன்ஜின் ஓடும்போதே மல்டிமீட்டரை இரண்டு எர்த்துக்கும் இடையில் வையுங்கள். ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டதும் மில்லிவோல்ட் ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. இதை டேபிளில் 0.3 கழித்துச் சமாளிப்பது தவறு; லோடு மாறினால் வித்தியாசமும் மாறும். இரண்டு எர்த்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதே சரி.

எண்கள் ஒத்துப்போன பிறகும் சென்சார் சொல்வதை அப்படியே நம்ப முடியாத நேரங்கள் உண்டு. அது அளப்பது பெட்ரோலை அல்ல, ஆக்சிஜனை. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வந்து லீன் காட்டும். சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் கசிந்தாலும் அப்படித்தான், அதுவும் ஐட்லிங்கில் அதிகம். அங்கே பெட்ரோல் அளவைத் தானே திருத்தும் ஆட்டோட்யூனை ஓடவிட்டால் பெட்ரோலை மேலும் மேலும் கொட்டும், மிஸ்ஃபயர் கூடும். அதனால் முதலில் ஸ்பார்க் பிளக்கும் கேஸ்கெட்டும், பிறகு எர்த், அதன்பின் ஐட்லிங், க்ரூஸ், லோடு மூன்றிலும் கேஜும் லேப்டாப்பும் ஒன்றுபோல் காட்டுகிறதா என்ற சோதனை. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஃப்யூயல் டேபிளை அதன்பிறகு திறக்கலாம்.