மாதாவைப் படுக்க வைத்த குடில்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் என்றால் டிசம்பர் 22, 23 தேதிகளில் நடக்கிற அவசர வேலை. பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, மாதா, சூசையப்பர் சுரூபங்களை, அதாவது பொம்மைகளைத் துடைத்து, வைக்கோல் பரப்பி, சீரியல் லைட்டைச் சுற்றிவிட்டால் முடிந்தது. அப்புறம் கேக், பலகாரம், துணிமணி. புத்தாண்டு வரைக்கும் மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் யாரும் உட்கார்ந்து செபித்ததாக எனக்கு நினைவில்லை.

2025 திருவருகைக்காலத்தில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட தயாரிப்புக் காலத்தில், இதை வேறு மாதிரி செய்து பார்க்க ஆசை வந்தது. முதல் ஞாயிறு, அதாவது நவம்பர் 30 அன்றே தொடங்கிவிடுவது. ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. எதைச் சேர்த்தோமோ அதன் முன்னால் இரவு ஜெபமாலை முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்காருவது. அவ்வளவுதான் திட்டம்.

செபிக்கும் முறையை, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரிடம் எடுத்துக்கொண்டேன். அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலில் இயேசுவின் பிறப்பைத் தியானிக்க ஒரு வழி உண்டு. தொடக்கத்திலேயே இடத்தைக் கண்முன் கொண்டுவரச் சொல்கிறார். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகிற பாதை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா, மேடு பள்ளமா? குகை பெரிதா சிறிதா, கூரை தாழ்வா உயரமா? அதற்கப்புறம் ஆட்களைப் பார்ப்பது, அவர்கள் பேசுவதைக் கேட்பது, செய்வதைக் கவனிப்பது. எல்லாம் கொத்தனார் கேட்கிற மாதிரியான கேள்விகள். குடில் கட்டுகிறவருக்கு இதைவிடத் தோதான செபம் வேறு எங்கே கிடைக்கும்?

பாதை சுமார் 150 கிலோமீட்டர். மதுரையிலிருந்து திருச்சிக்கு நடந்து, அதையும் தாண்டிக் கொஞ்சம் போக வேண்டும். அதுவும் மாதா நிறைமாதத்தில்.

முதல் வேலை குகை. வழக்கமான ஓலைக்குடிசை வேண்டாம் என்று முடிவு செய்தேன். இயேசு குகையில் பிறந்தார் என்பது மிகப் பழைய மரபு. இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின் அதைக் குறிப்பிடுகிறார். இன்றைக்கும் பெத்லகேம் பிறப்புப் பேராலயத்தில் படியிறங்கித்தான் அந்தக் குகைக்குள் போகிறார்கள். பிளைவுட் பலகையின் மேல் அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, கசக்கிய செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து மேலே மேலே ஒட்டினேன். பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது; பைண்டிங் கடைகளில் செய்வது இதைத்தான். ஆனால் அது விஷம். பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் குடில் மலைகள் எல்லாம் காவி நிறமாகவோ கரும்பச்சையாகவோ இருக்கும். பெத்லகேம் இருப்பது சுண்ணாம்புக்கல் குன்றுகளில். அதனால் சுண்ணாம்பைக் கரைத்து முழுக்கப் பூசி, மடிப்புகளில் மட்டும் கரித்தூளும் சிட்டிகை காவியும் தேய்த்தேன். வெளுத்துப்போன, கொஞ்சம் அழுக்கான வெள்ளை வந்தது. எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு அது பழைய வீட்டுச் சுவர் மாதிரி தெரிந்ததாம்.

அந்த வாரம் முழுக்க வெறும் குகையின் முன்னால்தான் செபம். எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்த உடனே கண் செபத்துக்குப் போகாமல் ஒட்டு விட்ட இடத்துக்குப் போனது. கை பசைக்கிண்ணத்தைத் தேடியது. அந்த ஞாயிறு நற்செய்தி நோவாவின் காலத்தைப் பற்றியது. வெள்ளம் வரும்வரை எல்லாரும் உண்டார்கள், குடித்தார்கள், ஒன்றும் அறியாதிருந்தார்கள். நானும் அப்படித்தான் ஏதோ வேலையாகவே இருந்தேன். கடைசியில் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: விளக்கை அணைத்து உட்கார்ந்துவிட்டால் மறுநாள் காலை வரை குடிலைத் தொடக்கூடாது.

இரண்டாம் வாரம் புல். தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்ணும் கலந்து பரப்பி, கேழ்வரகு தூவி முளைக்க வைப்பது. நான் தயார் செய்துகொண்டிருந்ததை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “என்னம்மா, முளைப்பாரியா போடுற?” என்றார். அம்மன் கோவில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் முளைப்பாரி வளர்க்கிறவர் அவர், விட முடியுமா? ராத்திரி முழுக்க ஊற வைத்து, துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்த பிறகுதான் தூவ வேண்டும், நெருக்கமாகத் தூவ வேண்டும், தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளிக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஒரு இடத்தில் மட்டும் நாங்கள் பிரிந்தோம். முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பார்கள், அதனால்தான் அந்த மஞ்சள். எனக்குப் பச்சை வேண்டும், ஆகவே வெளிச்சத்தில் வைத்தேன். டிசம்பர் தூறலில் ஒரு ஓரம் பூஞ்சை பிடித்தது. அதை மட்டும் கிள்ளிப் போட்டேன். மீதி பத்து நாளில் இரண்டு விரல் உயரம் வந்துவிட்டது. இன்னும் முன்னதாகப் போட்டிருந்தால் திருவிழாவுக்குள் சாய்ந்திருக்கும்.

ஆட்களுக்கு முன்னால் மாட்டையும் கழுதையையும் வைத்தேன். இரண்டுமே நற்செய்தியில் இல்லை. பழைய ஏற்பாட்டில் எசாயாவின் முதல் அதிகாரத்தில், தன் தலைவன் தீனி போடும் இடத்தை அறிகிற விலங்குகளாக வருகின்றன. 1223இல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரெச்சோவில் நடத்திய அந்த முதல் குடிலிலும் இருந்தது இவைதான்: வைக்கோல் போட்ட தொட்டி, உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை. சுரூபங்களே கிடையாது. தொட்டிக்கு மேலே திருப்பலி நடந்தது, திருத்தொண்டரான (குருவுக்கு அடுத்த நிலை) பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். கிறிஸ்து பிறப்பன்று மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீனி வைக்க வேண்டும், பறவைகளுக்காக வழியெல்லாம் தானியம் தூவ வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர் அவர்.

தொட்டியை நானே களிமண்ணில் செய்தேன். பெருக்கல்குறி மாதிரி கால் வைத்த மரத்தொட்டிதான் கடைகளில் கிடைக்கிறது. எனக்கு ஊரில் பார்த்த கல்தொட்டி மனதில் இருந்தது: விளிம்பு மாட்டின் கழுத்து உரசி வழவழத்து, அடியில் எப்போதும் கொஞ்சம் கழனித்தண்ணீர் தேங்கி, ஒரு புளிச்ச வாடை. விளிம்பை ஈரவிரலால் தேய்த்துத் தேய்த்து அந்த வழவழப்பைக் கொண்டுவந்தேன். அன்றிரவு உட்கார்ந்தபோது முதலில் வந்தது அந்த வாடைதான். பச்சைப்பிள்ளையை அதிலா போடுவது என்று தோன்றியது. அந்த நாட்களில் எனக்கு வேறு வசனம் தேவைப்படவில்லை.

டிசம்பர் 17 அன்று வாசகம் இயேசுவின் முன்னோரைச் சொல்லும் மத்தேயுவின் தலைமுறை அட்டவணை. பெயர்ப்பட்டியலுக்கு என்ன பொம்மை வைப்பது? அதில் வருகிற தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய நால்வரையும் சின்னக் காகிதத்தில் எழுதிக் குகையின் பின்சுவருக்குள் வைத்து ஒட்டி, சுண்ணாம்பு பூசிவிட்டேன். வெளியே தெரியாது.

இனி மாதா. எங்களிடம் இருக்கிற சுரூபங்கள் விளாச்சேரியில் வாங்கியவை. மதுரையை ஒட்டிய ஊர். கொலு பொம்மை செய்கிற அதே கைகள்தான் குடில் பொம்மைகளும் செய்கின்றன. நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல முடியாது. மாதா முழந்தாளிட்டுக் கைகூப்பியிருப்பார், முகத்தில் களைப்பே இருக்காது. உட்கார்ந்து பார்க்கப் பார்க்க எனக்கு அது இடித்தது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். பெற்ற அன்றைக்கு முழந்தாள் போடுவதா? திரும்பிப் படுக்கவே ஒரு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

தேடிப் படித்தபோது தெரிந்தது, பழைய பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) ஓவியங்களில் மாதா படுத்துத்தான் இருக்கிறார். பிரசவம் முடிந்த பெண்ணாக, மெத்தையில் சாய்ந்து. முழந்தாளிட்ட மாதா மேற்கத்திய ஓவியங்களில் பரவியது 14ஆம் நூற்றாண்டின் கடைசியில், சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தாவின் காட்சிக்குப் பிறகு. அந்தக் காட்சியில் மாதாவுக்கு வலியே இல்லை. அதை நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. என் செபத்துக்குப் படுத்திருக்கிற மாதா வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

களிமண்ணோடு காகிதக்கூழ் பிசைந்து செய்தேன். வெறும் களிமண் காயும்போது கழுத்தில் பிளக்கும். மாதாவின் கணவர் சூசையப்பர் சுரூபம் ஒன்பது அங்குலம், ஆகவே மாதாவும் நீட்டிப் படுத்தால் ஏறக்குறைய அந்த நீளம் வேண்டும். செய்து நிழலில் காய வைத்துக் கொண்டுபோய் வைத்தால், குகையில் இடமில்லை! விடுதியில் இடம் கிடைக்காத பெத்லகேமின் கதையே அதுதானே என்று சிரித்துக்கொண்டு, மாட்டை வாசலுக்குத் தள்ளி, இடப்பக்கம் ஒரு அட்டைப்பெட்டி சேர்த்துக் குகையை நீட்டினேன்.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. “ஏம்மா, மாதாவைப் போய்ப் படுக்க வைக்கலாமா? நாலு பேர் வந்து பார்த்தா என்ன சொல்லுவாங்க?” திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரில் மக்களைச் சந்தித்தபோது, மாதா உறங்க, சூசையப்பர் பிள்ளையை வைத்திருக்கிற குடிலைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசியதைச் சொன்னேன். ‘அம்மா ஓய்வெடுக்கட்டும்’ என்று அதற்குப் பெயர். “பாப்பரசரே சொன்னாரா?” என்று அரைமனதாக விட்டுவிட்டார்.

இஞ்ஞாசியாரின் தியானத்தில் இன்னொரு ஆளும் உண்டு: பணிப்பெண் ஒருத்தி. நற்செய்தி எதிலும் இல்லாதவள். மாதா, சூசையப்பர், பிள்ளை, அப்புறம் அவள். தியானிக்கிறவரும் ஒரு எளிய அடிமையாக அங்கே நின்று, அவர்களுக்குத் தேவையானதைச் செய்யட்டும் என்கிறார். மிச்சமிருந்த களிமண்ணில் அவளையும் செய்தேன். கையில் எதுவும் கொடுக்கவில்லை, என்ன கொடுப்பது என்று தெரியாததால்.

நான்காம் ஞாயிறு, டிசம்பர் 21. சூசையப்பரின் கனவு அன்றைய நற்செய்தி. சுவிசேஷங்கள் நான்கிலும் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதரைக் குகைக்குள் வைத்தேன். பிள்ளை இன்னும் வரவில்லை. மாதா மட்டும் படுத்திருக்கிறார். இரவு நான் உட்கார்ந்திருக்கையில் அத்தையும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரில் எத்தனையோ பிரசவங்களுக்குக் கூடமாட நின்றவர். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வெந்நி வச்சிருப்பாரா?” என்றார்.

“யாரு அத்தை?”

“சூசையப்பர்தான். பொம்பளை ஆள் யாருமில்லையே. தண்ணி எங்கபோய் எடுத்திருப்பாரு? ராத்திரி நேரம், தெரியாத ஊரு.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். பிள்ளையைத் துடைக்கத் துணி, வயிற்றைக் கட்ட ஒரு துணி, குளிருக்குத் தீ, மறுநாள் குடிக்கக் கஞ்சி. இடத்தைப் பார், ஆட்களைப் பார், செய்வதைக் கவனி என்று நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரமாகத் தடவியதை அவர் ஒரே மூச்சில் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு விதியை மீறி இரவிலேயே குடிலைத் தொட்டோம். மூன்று கூழாங்கல் வைத்து அடுப்பு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களிலிருந்து ஒரு மண்சட்டி. கைகூப்பி நின்ற சூசையப்பரை அடுப்புப் பக்கம் திருப்பி வைத்தோம். பணிப்பெண்ணின் கையில் அத்தை ஒரு துண்டு வெள்ளைத்துணியை மடித்து வைத்தார்.

அதற்கப்புறம் 24 வரை தினமும் வந்து உட்கார்ந்தார். நான் அதிகம் செபித்தது அவர் பேசுவதைக் கேட்டுத்தான்.

பாதிராத்திரித் திருப்பலி முடிந்து வந்து சின்னவன் பாலனைத் தொட்டியில் வைத்தான். இடையர்கள், சம்மனசு (வானதூதர்) எல்லாம் அன்றைக்கே. மூன்று ராஜாக்களை டிவி ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 4, திருக்காட்சி ஞாயிறன்று கொண்டுசேர்த்தோம். மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. பிள்ளையைக் கண்டது வீட்டில் என்றுதான் எழுதுகிறார். ஆனாலும் ஒட்டகம் வராத குடிலைப் பிள்ளைகள் ஒத்துக்கொள்வதாயில்லை.

ஜனவரி 11, ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்து கலைத்தோம். படுத்த மாதாவின் தோளில் மயிரிழை விரிசல் இருக்கிறது; அடுத்த முறை கூழ் இன்னும் கொஞ்சம் அதிகம் சேர்க்க வேண்டும். பழுத்துச் சாய்ந்த கேழ்வரகுப் பயிரைத் தெருமுனையில் கட்டியிருக்கும் ஆட்டுக்குப் போட்டுவிட்டோம். அத்தை இந்த வருடக் குடிலுக்கு இப்போதே ஒரு கிணறு கேட்டிருக்கிறார். பெத்லகேமில் கிணறு உண்டா என்று பார்த்தேன். உண்டு. ஊர் வாயிலருகே இருந்த கிணற்றின் தண்ணீருக்குத் தாவீது ஏங்கியதாக சாமுவேல் இரண்டாம் நூலின் 23ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதற்காக ஒரு தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டி எடுத்து வைத்திருக்கிறேன். கயிறும் உருளையும் எப்படி வைப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.